ராஸ்பெர்ரி பை வச்சு வீட்டுக்கு ஒரு மீடியா சென்டர்: எத வாங்கறது, எப்படி செட் பண்றது

நீங்க கேட்டது சுருக்கமா இதுதான். டிவி பேனல் நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுக்குள்ள இருக்கற ஆப்ஸ் எல்லாம் திறக்கவே நேரம் எடுக்குது. ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் நிறைய படம், பாட்டு, குடும்ப வீடியோ இருக்கு. ராஸ்பெர்ரி பைங்கற கையடக்க கம்ப்யூட்டர் போர்டு ஒண்ணு வாங்கி டிவி பின்னாடி மாட்டிட்டா சரியா வருமா, பை 4 போதுமா இல்ல பை 5 வேணுமா, 4கே ஓடுமா, நெட்ஃப்ளிக்ஸ் வருமா.

சரியா வரும், நல்லாவே வரும். பை 4ல 2 ஜிபி மாடல் தாராளமா போதும். 4கே ஓடும், ஆனா அது எந்த ஃபார்மட்ல இருக்கற 4கேங்கறத பொறுத்து. நெட்ஃப்ளிக்ஸுக்காக மட்டும்னா இத வாங்காதீங்க. இனி ஒவ்வொண்ணா விலாவாரியா சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயத்த மனசுல வச்சுக்கோங்க. மீடியா சென்டர் நல்லா அமைஞ்சிருக்கா இல்லையான்னு பாக்க ஒரே அளவுகோல்தான் இருக்கு, கம்ப்யூட்டர் பத்தி எதுவுமே தெரியாத வீட்டுல இருக்கற ஒருத்தர் வழக்கமா பிடிக்கற அதே டிவி ரிமோட்ட எடுத்து, உங்கள கூப்பிடாம, ஒரு படத்த போட்டு பாதியில நிறுத்தி மறுநாள் விட்ட இடத்துலேருந்து பாக்க முடியணும். கீபோர்டு மவுஸ் வச்சு டெஸ்க்டாப்ல விஎல்சி ப்ளேயர் ஓட்டறது உங்களுக்கு சரிப்படும், வீட்டுல மத்தவங்களுக்கு சரிப்படாது. போர்டு, சார்ஜர், சாஃப்ட்வேர், ஃபைல் பேர் வரைக்கும் கீழ சொல்றது எல்லாமே அந்த அளவுகோல வச்சுத்தான்.

போர்டுல ஆரம்பிக்கலாம். நிறைய பேர் ப்ராசஸர் எத்தன கிகாஹெர்ட்ஸ், ரேம் எவ்வளவுன்னு பாத்து வாங்கறாங்க, வீடியோ விஷயத்துல அது ரெண்டாம்பட்சம்தான். 2012ல வந்த முதல் ராஸ்பெர்ரி பையில இருந்தது 700 மெகாஹெர்ட்ஸ் ஓடற ஒரே ஒரு கோர், ஒரு வெப் பேஜ் திறக்கவே திணறும், ஆனா அதே போர்டு 1080பி எச்.264 (வீடியோவ சுருக்கி வைக்கற ஒரு ஃபார்மட்) வீடியோவ வழுக்கிக்கிட்டு ஓட்டிச்சு. காரணம், சிப்புக்குள்ள வீடியோவ பிரிச்சு காட்டறதுக்குன்னே தனியா ஒரு பகுதி இருந்துச்சு, அதத்தான் ஹார்ட்வேர் டிகோடர்னு சொல்றோம். அந்த டிகோடருக்கு தெரிஞ்ச ஃபார்மட்னா ப்ராசஸர் சும்மா உக்காந்திருக்கும், தெரியாத ஃபார்மட்னா மொத்த பாரமும் ப்ராசஸர் தலையில விழும், போர்டு சூடாகும், படம் விக்கி விக்கி ஓடும். அதனால போர்டு வாங்கறதுக்கு முன்னாடி உங்க ஹார்ட் டிஸ்க்ல இருக்கற ஃபைல் எல்லாம் எந்த ஃபார்மட்டுன்னு ஒரு தடவ பாத்துடுங்க, விஎல்சியிலயே கோடெக் இன்ஃபர்மேஷன்னு ஒரு மெனு இருக்கு, அதுல தெரியும்.

2019ல வந்த பை 4ல எச்.264க்கு 1080பி வரைக்கும், அதுக்கு அடுத்து வந்த ஃபார்மட்டான எச்.265க்கு 4கே 60 ஃப்ரேம் வரைக்கும் ஹார்ட்வேர் டிகோடர் இருக்கு. 2023 கடைசியில வந்த பை 5ல எச்.265 டிகோடர் மட்டும்தான் இருக்கு, எச்.264 டிகோடர எடுத்துட்டாங்க. கேக்க பின்னோக்கி போன மாதிரி இருக்கும், ஆனா பை 5 ப்ராசஸர் அவ்வளவு பலமா இருக்கறதால 1080பி எச்.264ஐ சாஃப்ட்வேர்லயே சுலபமா தள்ளிடுது. ஆக, படம் பாக்கறது மட்டும்தான் வேலைன்னா ரெண்டுலயும் திரையில தெரியற படம் ஒண்ணுதான். பை 5ல மெனு சட்டுனு நகரும், போஸ்டர் எல்லாம் உடனே லோட் ஆகும், ஒரு பவர் பட்டன் இருக்கு. பை 4 சூடு கம்மி, ஃபேன் இல்லாம ஓடும், சார்ஜர் தேவையும் கம்மி, ஹெட்ஃபோன் ஜாக் இருக்கு (பை 5ல அது கிடையாது). டிவி பின்னாடி சத்தமில்லாம கிடக்கணும்னா என் ஓட்டு பை 4க்குத்தான். உங்ககிட்ட ஏற்கனவே பை 3 சும்மா கிடந்தா முதல்ல அதுலயே போட்டு பாருங்க, 1080பி எச்.264க்கு அது இன்னும் நல்லா உழைக்கும், 4கேயும் பெரிய எச்.265 ஃபைலும் மட்டும் எதிர்பாக்காதீங்க. பை ஜீரோ 2 டபிள்யூவுல 512 எம்பி ரேம்தான், பெரிய லைப்ரரிக்கு பத்தாது.

எது ஓடாதுன்னும் தெரிஞ்சுக்கணும். ஏவி1ங்கற புது வீடியோ ஃபார்மட்டுக்கு பை 4லயும் சரி பை 5லயும் சரி ஹார்ட்வேர் டிகோடர் இல்ல. 10 பிட் எச்.264னு ஒரு வகை இருக்கு, அனிமே ஃபைல்கள்ல நிறைய வரும், அதுக்கும் ஹார்ட்வேர் உதவி இல்ல, பை 4 அங்க திணறலாம். வெளிச்சமும் கலரும் கூடுதலா காட்டற முறைகள்ல எச்டிஆர்10 வரும், டால்பி விஷன் வராது. உங்க கலெக்ஷன்ல ஏவி1 நிறைய இருந்தா பைய விட்டுட்டு இன்டெல் என்100 போட்ட ஒரு மினி பிசி பாருங்க, அதுல ஏவி1 டிகோடர் இருக்கு, கீழ சொல்ற அதே சாஃப்ட்வேர் அதுலயும் ஓடும், கரென்ட்டும் இடமும் கொஞ்சம் கூட கேக்கும் அவ்வளவுதான்.

நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி காசு கட்டி பாக்கற சர்வீஸ் எல்லாம் வைட்வைன்னு ஒரு பூட்டு முறைய வச்சிருக்காங்க. அதுல எல்1 சர்டிஃபிகேட் இருக்கற கருவிக்குத்தான் எச்டி, 4கே எல்லாம் குடுப்பாங்க, பைக்கு அந்த சர்டிஃபிகேட் கிடையாது, அதனால ஆட்-ஆன் (மீடியா சென்டர்ல சேர்க்கற குட்டி ஆப்) போட்டு லாகின் பண்ணாலும் மங்கலான படம்தான் கிடைக்கும், அதுவும் அடிக்கடி நின்னு போகும். இதோட மல்லுக்கட்டாதீங்க. அந்த சர்வீஸ்களுக்கு ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்க இன்னொரு எச்டிஎம்ஐ போர்ட்ல போட்டுடுங்க, உங்க சொந்த கலெக்ஷனுக்கு பைய வச்சுக்கோங்க. யூடியூப் ஆட்-ஆன் ஓடும், ஆனா அதுக்கு கூகுள்ல சொந்தமா ஒரு ஏபிஐ கீ (ஆட்-ஆனுக்கு அனுமதி தர்ற கோட்) எடுத்து போடணும்.

அடுத்தது பவர் சப்ளை. பையில வர்ற பிரச்சனையில பெரும்பங்கு இதுலதான் இருக்கு, சும்மா கிடக்கற மொபைல் சார்ஜர மாட்டிட்டு, அப்புறம் ரீஸ்டார்ட் ஆகுது, ஹார்ட் டிஸ்க் கழண்டு கழண்டு வருது, மெமரி கார்டு கெட்டுப்போச்சுன்னு சாஃப்ட்வேர குறை சொல்றது. மொபைல் ஃபாஸ்ட் சார்ஜர் பெரும்பாலும் வோல்டேஜ 9, 12னு ஏத்திதான் வேகத்த காட்டுது, பைக்கு வேண்டியது 5 வோல்ட்லயே நிறைய ஆம்பியர். பை 4க்கு 5.1 வோல்ட் 3 ஆம்பியர், பை 5க்கு 5.1 வோல்ட் 5 ஆம்பியர், இந்த 5 ஆம்பியர சாதாரண லேப்டாப் சார்ஜர் கூட 5 வோல்ட்ல குடுக்காது. அந்தந்த போர்டுக்குன்னு ராஸ்பெர்ரி பை கம்பெனியே விக்கற சப்ளைய வாங்கிடுங்க, இங்க காசு மிச்சம் பிடிக்காதீங்க. கேபிளும் முக்கியம், மெல்லிசான நீள கேபிள்ல வோல்டேஜ் வழியிலயே குறைஞ்சுடும், 4.63 வோல்ட்டுக்கு கீழ இறங்கினா பை அத கண்டுபிடிச்சு திரையில ஒரு சின்ன மின்னல் அடையாளம் காட்டும். அந்த மின்னல பாத்தா வேற எந்த செட்டிங்கையும் தொடாதீங்க, முதல்ல சப்ளைய மாத்துங்க. டிவியோட யுஎஸ்பி போர்ட்லேருந்தே பவர் எடுத்துடலாம்னு ஒரு யோசனை எல்லாருக்கும் வரும், வேண்டாம், அங்க கரென்ட்டும் பத்தாது, டிவிய ஆஃப் பண்ணும்போது பைக்கு திடீர்னு பவர் போய் கார்டுல எழுதிக்கிட்டிருந்தது பாதியில அறுந்துடும்.

ஹார்ட் டிஸ்க் கணக்கும் இதோட சேர்த்துதான். பை 4ல எல்லா யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து மொத்தம் 1.2 ஆம்பியர்தான். பை 5ல 5 ஆம்பியர் சப்ளை போட்டா 1.6, இல்லாட்டி 0.6 ஆம்பியர். ஒரு 2.5 இன்ச் டிஸ்க் சுத்த ஆரம்பிக்கற அந்த நொடியில மட்டும் ஒரு ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். அதனால ஒரு டிஸ்க்னா நேரா மாட்டலாம், ரெண்டு டிஸ்க்னா தனி அடாப்டர் வச்ச யுஎஸ்பி ஹப் வழியாத்தான் மாட்டணும். தனி அடாப்டரோட வர்ற பெரிய 3.5 இன்ச் டிஸ்க்கு இந்த கவலையே இல்ல.

சாஃப்ட்வேர எழுதி வைக்கற கார்டு, 16 ஜிபி போதும், ஏ1னு (ஆப் ஓட்டற வேகத்துக்கான குறி) போட்டிருக்கற நல்ல பிராண்ட் மைக்ரோ எஸ்டி, நம்பகமான இடத்துல வாங்குங்க, போலி நிறைய சுத்துது. கேஸ் வாங்கும்போது அலுமினிய உடம்பே ஹீட் சிங்க்கா இருக்கற வகைய பாருங்க, 80 டிகிரிய தொட்டா பை தானா வேகத்த குறைச்சுக்கும், டிவி பின்னாடி காத்து நுழையாத இடுக்குல அது சீக்கிரமே நடக்கும். ஆனா முழு உலோக கேஸ் வைஃபைய கொஞ்சம் மறைக்கும், அதனால லேன் கேபிள் போட முடியற இடம்னா அதுவே நல்லது. எச்டிஎம்ஐ கேபிள்: பை 4, 5 ரெண்டுலயும் இருக்கறது மைக்ரோ எச்டிஎம்ஐ, நேரா மைக்ரோவிலேருந்து முழு எச்டிஎம்ஐக்கு போற கேபிள் வாங்குங்க, குட்டி அடாப்டர் போட்டா போர்டோட சின்ன போர்ட்ல கனம் தொங்கும். பை 4ல யுஎஸ்பி-சி பக்கத்துல இருக்கற போர்ட்லதான் மாட்டணும், அதுதான் எச்டிஎம்ஐ 0.

இனி சாஃப்ட்வேர். திரையில தெரியற முகம் கோடி. முதல் எக்ஸ்பாக்ஸ் காலத்துல எக்ஸ்பிஎம்சின்னு ஆரம்பிச்சது, 2014ல பேர் மாறுச்சு, இலவசம், ஓப்பன் சோர்ஸ். அத பையில ஓட்ட மூணு வழி இருக்கு. சாதாரண ராஸ்பெர்ரி பை ஓஎஸ் போட்டு அதுக்குள்ள கோடிய இன்ஸ்டால் பண்றது ஒண்ணு, ஓஎஸ்எம்சி ரெண்டு, லிப்ரெஎலெக் மூணு. நான் சொல்றது லிப்ரெஎலெக். ஓப்பன்எலெக்னு இருந்த பழைய ப்ராஜெக்ட்லேருந்து 2016ல பிரிஞ்சு வந்தது. கோடி ஓட எவ்வளவு லினக்ஸ் வேணுமோ அவ்வளவு மட்டும்தான் அதுல இருக்கு, டெஸ்க்டாப் கிடையாது, பவர் குடுத்ததும் நேரா கோடிதான் வரும். சிஸ்டம் ஃபைல் எல்லாம் எழுத முடியாதபடி பூட்டி வச்சிருக்கறதால யாராவது பிளக்க பிடுங்கிட்டாலும் பெரும்பாலும் தப்பிச்சுடும், வீட்டு உபயோகத்துல இது பெரிய விஷயம். அதே போர்டுல வேற சர்வர் வேலையும் பாக்கணும்னா டெபியன் அடிப்படையில இருக்கற ஓஎஸ்எம்சி பாருங்க, ஆனா அது உங்க போர்ட சப்போர்ட் பண்ணுதான்னு டவுன்லோட் பேஜ்ல பாத்துட்டு இறங்குங்க.

இன்ஸ்டால் பண்றது சுலபம். கம்ப்யூட்டர்ல ராஸ்பெர்ரி பை இமேஜர் போட்டு, மீடியா ப்ளேயர் பிரிவுல லிப்ரெஎலெக் செலக்ட் பண்ணி, உங்க போர்டுக்கு உண்டானத கார்டுல எழுதி, பையில சொருகி பவர் குடுங்க. முதல் தடவ தானா கார்டு இடத்த விரிச்சுக்கிட்டு ஒரு ரீஸ்டார்ட் ஆகும், அப்புறம் மொழி, நெட்வொர்க்னு கேக்கும். கடைசியில எஸ்எஸ்எச் (வேற கம்ப்யூட்டர்லேருந்து பைக்கு கமாண்ட் குடுக்கற வழி) வேணுமா சம்பா வேணுமான்னு கேக்கும், சம்பாவ ஆன் பண்ணிக்கோங்க, அப்பதான் லேப்டாப்லேருந்து நெட்வொர்க் வழியா பையில ஃபைல் போட முடியும். எஸ்எஸ்எச் ஆன் பண்ணா பாஸ்வேர்ட அப்பவே மாத்திடுங்க, டிஃபால்ட்டா வர்றது ஊருக்கே தெரிஞ்ச பாஸ்வேர்ட்.

இப்ப ரிமோட். பைக்குன்னு தனி ரிமோட் வாங்க வேண்டியதில்ல. எச்டிஎம்ஐ கேபிளோட 13வது பின்ல சிஇசின்னு ஒரு சிக்னல் போகும், டிவி ரிமோட்ல நீங்க அழுத்தற பட்டன டிவி அந்த கம்பி வழியா பைக்கு சொல்லிடும். டிவி மெனுவுல இது சிஇசின்னு இருக்காது, சாம்சங்ல எனிநெட் ப்ளஸ், எல்ஜியில சிம்ப்லிங்க், சோனியில பிராவியா சிங்க், பானசோனிக்ல வியரா லிங்க்னு ஒவ்வொருத்தர் ஒரு பேர் வச்சிருப்பாங்க, அத தேடி ஆன் பண்ணுங்க. மேல கீழ அம்பு, ஓகே, பேக், ப்ளே, பாஸ், இவ்வளவு வந்தாலே போதும். பேக் பட்டன் வேலை செய்யலைன்னா எக்ஸிட் பட்டன அழுத்தி பாருங்க, டிவிக்கு டிவி அது மாறும். மொத்தமாவே வரலைன்னா கேபிள மாத்தி பாருங்க, சில மலிவு கேபிள்ல அந்த 13வது பின் இணைச்சே இருக்காது. கோடியோட செட்டிங்ஸ்ல சிஇசி அடாப்டர்னு ஒரு இடம் இருக்கு, அங்க "டிவி ஆஃப் ஆனா என்ன பண்ணணும்"ங்கறதுக்கு படத்த பாஸ் பண்ணுன்னு வைங்க, ஷட்டவுன்னு வச்சா பை 4ல மறுபடி ஆன் பண்ண பிளக்க பிடுங்கி மாட்ட வேண்டியதாயிடும். சும்மா இருக்கும்போது பை எடுக்கறது சில வாட்தான், ஆன்லயே விட்டுடலாம். ஆண்ட்ராய்டு போன்ல கோர்னு கோடியோட சொந்த ரிமோட் ஆப் இருக்கு, தேடறப்போ டைப் பண்ண அது வசதி.

ரிமோட் வந்தாச்சுன்னா அடுத்து ரிஃப்ரெஷ் ரேட், படம் பாக்கற சுகமே இதுலதான் இருக்கு, ஆனா நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. சினிமா படம் பொதுவா நொடிக்கு 24 ஃப்ரேம், டிவி ஓடறது 60 தடவ. 24ஐ 60க்குள்ள சமமா அடைக்க முடியாது, அதனால ஒரு ஃப்ரேம் ரெண்டு தடவ, அடுத்தது மூணு தடவன்னு மாத்தி மாத்தி காட்டும். கேமரா மெதுவா இடமிருந்து வலம் நகர்ற காட்சிய பாருங்க, கட்டடத்தோட விளிம்பு வழுக்கிக்கிட்டு போகாம சின்ன சின்னதா தட்டி தட்டி நகரும், கடைசியில ஏறற பேர் பட்டியல்லயும் அது தெரியும். கோடியில ப்ளேயர் செட்டிங்ஸ்ல வீடியோ பகுதிக்கு போய் "அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரிஃப்ரெஷ் ரேட்"ங்கறத "ஆன் ஸ்டார்ட் ஸ்டாப்"னு வைங்க, படம் ஆரம்பிக்கும்போது டிவியே 24க்கு மாறிடும், மாறற அந்த கணத்துல திரை ஒரு நொடி கருப்பாகும், பயப்படாதீங்க. இதோட சேர்த்து சிஸ்டம் செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளே பகுதியில வொய்ட்லிஸ்ட்னு ஒண்ணு இருக்கு, செட்டிங்ஸ் லெவல எக்ஸ்பர்ட்னு மாத்தினாத்தான் கண்ணுக்கு தெரியும், அதுல 1080பியும் 4கேயும் 23.976, 24, 25, 50, 60னு உங்க டிவி காட்டறத எல்லாம் டிக் பண்ணுங்க. 23.976ம் 24ம் ஒண்ணுதானேன்னு விட்டுடாதீங்க, பெரும்பாலான டிஸ்க் படங்கள் 23.976ல இருக்கு, டிவி சரியா 24ல ஓடினா சுமார் 42 நொடிக்கு ஒரு தடவ ஒரு ஃப்ரேம் ரெண்டு தடவ வந்து ஒரு சின்ன இடறல் வரும், ஒரு தடவ கண்ணுல பட்டுட்டா அப்புறம் அத மட்டும்தான் பாத்துக்கிட்டிருப்பீங்க.

மெனு மட்டும் 1080பியிலயே இருக்கட்டும். 4கே டிவின்னு மெனுவையும் 4கேக்கு ஏத்தினா போஸ்டர் எல்லாம் இழுத்து இழுத்து நகரும், படம் போடும்போது வொய்ட்லிஸ்ட் இருக்கறதால தானா 4கேக்கு போயிடும். 4கே 60 ஃப்ரேம் ஃபைல் இருந்தா பை 4ல கான்ஃபிக் ஃபைல்ல 4கேபி60ங்கற வரிய ஆன் பண்ணணும், 24 ஃப்ரேம் படத்துக்கு அது தேவையில்ல. எச்டிஆர் வரலைன்னா டிவி பக்கம் பாருங்க, அந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு டீப் கலர், என்ஹான்ஸ்ட் ஃபார்மட்னு ஏதாவது ஒரு பேர்ல ஒரு செட்டிங் ஆஃப்ல இருக்கும்.

ஒரு படம் விக்கி ஓடுதுன்னா ஊகிச்சுக்கிட்டு இருக்காதீங்க. கீபோர்டு ஒண்ணு மாட்டி படம் ஓடும்போது ஓ எழுத்த அழுத்துங்க, மேல ஒரு பெட்டியில அந்த வீடியோ எந்த டிகோடர்ல ஓடுதுன்னு காட்டும், பக்கத்துல எச்டபிள்யூன்னு இருந்தா ஹார்ட்வேர், எஸ்டபிள்யூன்னு இருந்தா ப்ராசஸர் தனியா தள்ளுதுன்னு அர்த்தம். அங்கயே ஒவ்வொரு கோரும் எத்தன சதவீதம் வேலை செய்யுதுன்னும் தெரியும். ஹார்ட்வேர்னு காட்டியும் விக்குதுன்னா குத்தம் டிஸ்க்லயோ நெட்வொர்க்லயோதான்.

டிஸ்க் ஃபார்மட் பத்தி. எஃப்ஏடி32ல 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் வைக்க முடியாது, அதனால அது வேண்டாம். என்டிஎஃப்எஸ் டிஸ்க்க பை படிக்கும், ஆனா விண்டோஸ்லேருந்து சேஃப்லி ரிமூவ் பண்ணாம பிடுங்கினா சில சமயம் பையில மவுண்டே ஆகாது, மறுபடி விண்டோஸ்ல மாட்டி எரர் செக் பண்ணி எடுத்தா சரியாகும். டிஸ்க் அங்கயும் இங்கயும் போய் வரணும்னா எக்ஸ்ஃபேட், பையோடயே நிரந்தரமா இருக்கப்போகுதுன்னா எக்ஸ்ட்4. மாத்தறதுன்னா டிஸ்க்ல இருக்கறது மொத்தமும் அழிஞ்சுடும், முதல்ல வேற இடத்துல காப்பி எடுத்துட்டு செய்ங்க, குடும்ப வீடியோ எல்லாம் திரும்ப கிடைக்காது.

ஃபைல் பேர்ல பொறுமையா உக்காந்தீங்கன்னா மீதி எல்லாத்தையும் கோடி பாத்துக்கும். படத்துக்கு ஒரு ஃபோல்டர், ஃபோல்டருக்கும் ஃபைலுக்கும் படத்தோட பேர், அடைப்புக்குறிக்குள்ள வெளியான வருஷம். வருஷம் ரொம்ப முக்கியம், ஒரே பேர்ல பழைய படமும் புது படமும் இருக்கும், வருஷம் இல்லாட்டி தப்பான போஸ்டர் வந்து உக்காரும். சீரியல்னா சீரியல் பேர்ல ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள சீசன் 01, அதுக்குள்ள எஸ்01இ01, எஸ்01இ02ன்னு. படம் ஒரு ஃபோல்டர், சீரியல் இன்னொரு ஃபோல்டர், ரெண்டையும் கலக்காதீங்க, கோடியில சோர்ஸ் சேர்க்கும்போது இது மூவியா டிவி ஷோவான்னு கேக்கும், அத வச்சுத்தான் தகவல் தேடும். குடும்ப வீடியோவ மூணாவது ஃபோல்டர்ல போட்டு கன்டென்ட் டைப்ல "நன்"னு விட்டுடுங்க, இல்லாட்டி உங்க வீட்டு பிறந்தநாள் வீடியோவுக்கு ஏதோ ஒரு வெளிநாட்டு படத்தோட போஸ்டர தேடி மாட்டிடும். அந்த ஃபோல்டர்ல மட்டும் பேர் தேதியில ஆரம்பிக்கட்டும், வருஷம், மாசம், நாள்ங்கற வரிசையில, அப்ப தானாவே காலவரிசையில நிக்கும்.

தமிழ் சப்டைட்டில் போட்டா சிலருக்கு எழுத்துக்கு பதிலா கட்டம் கட்டமா வரும். ரெண்டு காரணம்தான். சப்டைட்டில் ஃபைல் யுடிஎஃப்-8ங்கற எழுத்து முறையில சேவ் ஆகாம இருக்கும், இல்லாட்டி கோடி எடுக்கற ஃபான்ட்ல தமிழ் எழுத்து இருக்காது. நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட டவுன்லோட் பண்ணி கோடியோட மீடியா ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ்னு இருக்கற இடத்துல போட்டு, சப்டைட்டில் செட்டிங்ஸ்ல அத செலக்ட் பண்ணுங்க. சப்டைட்டில் ஃபைல் பேரும் படத்தோட ஃபைல் பேரும் எழுத்து பிசகாம ஒண்ணா இருந்தா படம் போட்டதும் தானா எடுத்துக்கும்.

டிஸ்க் வேற ரூம்ல கம்ப்யூட்டர்லயோ என்ஏஎஸ்லயோ (நெட்வொர்க்ல மாட்டற டிஸ்க் பெட்டி) இருக்குன்னா நெட்வொர்க் வழியா பாக்கலாம், ஃபைல் பகிர்ற முறைகள்ல கோடிக்கு எஸ்எம்பியும் தெரியும் என்எஃப்எஸ்சும் தெரியும், லினக்ஸ் சர்வர்னா என்எஃப்எஸ் போடுங்க, பாரம் கம்மி. 4கே டிஸ்க் படத்தோட உச்ச வேகம் நொடிக்கு 128 மெகாபிட் வரைக்கும் போகும், பை 3ல இருக்கற 100 மெகாபிட் லேன் போர்ட் அங்கயே தோத்துடும், பை 4லேருந்து முழு கிகாபிட். வைஃபைன்னா 5 கிகாஹெர்ட்ஸ் பேண்ட்ல மட்டும் கனெக்ட் பண்ணுங்க, யுஎஸ்பி 3 டிஸ்க் ஓடும்போது கிளம்பற இரைச்சல் சரியா 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் விழும், டிஸ்க் மாட்டினதும் வைஃபை படுத்துடுச்சுன்னு சொல்றவங்க பாதி பேருக்கு இதுதான் காரணமா இருக்கும். இடையில பஃபர் ஆகுதுன்னா கோடி 21ல சர்வீசஸ் பகுதியில கேஷிங்னு செட்டிங் வந்திருக்கு, அத கூட்டி பாருங்க.

ஜெல்லிஃபின் போடலாமான்னு சிலர் கேப்பாங்க. அது படத்த மத்த கருவிகளுக்கு அனுப்பற சர்வர், கோடி ப்ளேயர், ரெண்டும் வேற வேலை. ஒரே டிவின்னா சர்வரே தேவையில்ல. ரெண்டு மூணு டிவி, மொபைல் எல்லாத்துலயும் ஒரே லைப்ரரி, விட்ட இடம் எல்லாம் ஒண்ணா இருக்கணும்னா அது நல்ல வழி, ஆனா வீடியோவ வேற ஃபார்மட்டுக்கு மாத்தி அனுப்பற டிரான்ஸ்கோடிங் வேலைய பைகிட்ட குடுக்காதீங்க, பை 5ல வீடியோ என்கோடரே கிடையாது. சர்வர ஒரு மினி பிசியில வச்சுட்டு டிவி பக்கம் மட்டும் பைய வைங்க.

சத்தம். டிவி ஸ்பீக்கர் மட்டும்தான்னா ஆடியோ செட்டிங்ஸ்ல சேனல் 2.0ன்னே வைங்க. அப்படி வச்சும் பேச்சு சத்தம் கம்மியாவும் சண்டை சத்தம் காத கிழிக்கறதாவும் இருந்தா, 5.1ல பேச்சு முழுக்க நடு சேனல்ல இருக்கறதுதான் காரணம், படம் ஓடும்போது ஆடியோ மெனுவுல வால்யூம் ஆம்ப்ளிஃபிகேஷன்னு ஒண்ணு இருக்கு, அத கொஞ்சம் ஏத்தி எல்லா படத்துக்கும் டிஃபால்ட்டா வச்சுடலாம். வயசானவங்க இருக்கற வீட்டுல இத கண்டிப்பா செஞ்சு குடுங்க. ஏவி ரிசீவர் இருந்தா பாஸ்த்ரூ ஆன் பண்ணி டால்பி, டிடிஎஸ்ங்கற சரவுண்ட் ஆடியோவ பிரிக்காம அப்படியே அனுப்பலாம். பைய டிவியில மாட்டி, டிவியிலேருந்து சவுண்ட்பாருக்கு ஏஆர்சி (எச்டிஎம்ஐ கேபிள்ல சத்தத்த திருப்பி அனுப்பறது) வழியா போறதுன்னா, சில டிவிக்கு டிடிஎஸ்சே தெரியாது, படம் ஓடும் சத்தம் வராது, அப்ப டிடிஎஸ் டிக்க மட்டும் எடுத்துட்டா கோடியே அத பிரிச்சு அனுப்பிடும்.

ஆட்-ஆன் விஷயத்துல கோடியோட சொந்த ரெபாசிட்டரிய (ஆட்-ஆன் கிடங்கு) தாண்டி போகாதீங்க. எல்லா படமும் இலவசம்னு சொல்ற வெளி ஆட்-ஆன்கள் திருட்டு லிங்க்கத்தான் குடுக்குது, கோடி டீமுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அதோட அது உங்க நெட்வொர்க்குக்குள்ள உக்காந்துக்கிட்டு என்ன பண்ணுதுன்னு யாருக்கும் தெரியாது. கோடியோட வெப் இன்டர்ஃபேஸ ஆன் பண்ணா பாஸ்வேர்ட் போடுங்க, ரவுட்டர்ல போர்ட் திறந்து வெளிய விட்டுடாதீங்க.

எல்லாம் செட் ஆனதும் லிப்ரெஎலெக் செட்டிங்ஸ்ல சிஸ்டம் பகுதியில பேக்கப்னு இருக்கு, அத ஒரு தடவ ஓட்டி, வர்ற ஃபைல கார்டுல விட்டு வைக்காம லேப்டாப்ல எடுத்து வைங்க. எஸ்டி கார்டு என்னைக்காவது ஒரு நாள் போகும், அப்ப புது கார்டுல லிப்ரெஎலெக் எழுதி இந்த ஃபைல ரீஸ்டோர் பண்ணா லைப்ரரி, போஸ்டர், யார் எந்த படத்த எங்க விட்டாங்கங்கறது வரைக்கும் அப்படியே திரும்ப வந்துடும். பெரிய வெர்ஷன் அப்டேட் போடறதுக்கு முன்னாடியும் இதே மாதிரி ஒண்ணு எடுத்துக்கோங்க. போர்டு வாங்கிட்டு எங்கயாவது மாட்டிக்கிட்டா, போர்டு மாடல், பவர் சப்ளை என்ன, அந்த ஓ பட்டன் பெட்டியில என்ன காட்டுது, இந்த மூணையும் சேர்த்து எழுதுங்க, பாத்து சொல்றேன்.